பூக்களுக்குக் கணக்கு வைத்தவர்

லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரே பெண் வரைந்த 874 நீர்வண்ணச் சித்திரங்கள் இருக்கின்றன. எங்கும் பூக்கள், கொடிகள், இலைகள், பழங்கள். சுவரில் மாட்டுவதற்காக யாரும் இவற்றை வரையவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பட்டுத் துணிக்கான டிசைன். பலவற்றின் ஓரத்தில் மையினால் எழுதிய குறிப்பு இருக்கிறது: விற்ற தேதி, வாங்கிய நெசவாளர் அல்லது ஜவுளி வியாபாரியின் பெயர். சிலவற்றில், எந்த இடத்தில் எந்த இழை வர வேண்டும் என்று நெசவாளருக்கு ஆலோசனையும் உண்டு. மளிகைக் கடைப் பேரேடு போல, எல்லாம் ஆண்டு வாரியாக.

வரைந்தவர் ஆனா மரியா கார்த்வெய்ட். பிறந்தது 1688ல், இறந்தது 1763ல். ஜார்ஜ் என்ற பெயருள்ள மன்னர்கள் இங்கிலாந்தை ஒருவர் பின் ஒருவராக ஆண்ட காலம் அது. அந்த நாட்டுப் பணக்கார வீட்டுப் பெண்களின் பட்டில் பூ எப்படிப் பூக்க வேண்டும் என்பதை ஏறக்குறைய 30 ஆண்டுகள் தீர்மானித்தவர்களில் அவரும் ஒருவர். அவருடைய உருவப்படம் ஒன்றுகூட இதுவரை கிடைத்ததில்லை. அவரைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி அந்த ஓரக் குறிப்புகள் சொன்னதுதான்.

இத்தனைக்கும் அவர் ஜவுளிக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஹார்ஸ்டன் என்ற சிறு கிராமம். அப்பா எஃப்ரெய்ம் கார்த்வெய்ட் சர்ச்சில் பாதிரியார். மூன்று பெண்களில் நடுப்பிள்ளை ஆனா மரியா. அந்தக் காலத்து பாதிரியார் வீட்டுப் பெண்ணுக்கு இருந்த வழிகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை: கல்யாணம், அல்லது உறவுக்காரர் வீட்டில் ஒரு மூலை. கையில் வித்தை இருந்தால் அது பொழுதுபோக்கு. இவரிடமும் அப்படி ஒரு வித்தை இருந்தது. காகிதத்தைக் கத்தரித்து மரம், வீடு, தோட்டம் என்று காட்சி அமைப்பது. 1707ல், இருபது வயதை எட்டுமுன் அவர் வெட்டிய ஒரு கிராமக் காட்சி இன்றும் மியூசியத்தில் இருக்கிறது. தனித்தனி இலைகூடத் தெரியும் அளவுக்கு நுணுக்கம்.

1719ல் அப்பா இறந்தார். பிறகு யார்க் நகரத்தில் அக்கா தங்கை இருவர் வாசம். உடன் இருந்த சகோதரி மேரி இரண்டு முறை விதவையானவர். ஆனா மரியா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இந்த யார்க் வாசத்தின்போதே பொழுதுபோக்கு வியாபாரமாக மாறத் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டுகளின் டிசைன்கள் சிலவற்றில், யார்க்கை விட்டுக் கிளம்புமுன் லண்டனுக்கு அனுப்பியவை என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். அதாவது, வாங்குவதற்கு ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பெட்டியைக் கட்டியிருக்கிறார்.

1730 வாக்கில் சகோதரிகள் இருவரும் லண்டன் வந்து சேர்ந்தார்கள். குடியேறிய இடம் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ். ஆனா மரியாவுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெரும்பாலான பெண்கள் பேரக் குழந்தைகளை எதிர்பார்க்கத் தொடங்கும் வயதில் அவர் கடை திறந்தார்.

ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் அப்போது இங்கிலாந்தின் பட்டு நகரம். 1685ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி, தன் நாட்டு புராட்டஸ்டண்டுகளுக்கு இருந்த வழிபாட்டு உரிமையை ரத்து செய்தார். ஹ்யூகெனாட்டுகள் என்று அழைக்கப்பட்ட அவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அவர்களில் பட்டு நெசவாளர்கள் பலர் லண்டன் நகர எல்லைக்கு வெளியே இந்தப் பகுதியில் வந்து தறி போட்டார்கள். தெருவில் பிரெஞ்சுப் பேச்சு. வீட்டு மாடிகளில் தறிக்கு வெளிச்சம் வேண்டி அகலமான ஜன்னல்கள். இதற்கு நட்டநடுவே, பிரின்ஸஸ் தெருவின் மூலை வீட்டில் கார்த்வெய்ட் குடியிருந்தார். அந்தத் தெருவின் இன்றைய பெயர் பிரின்ஸ்லெட் ஸ்ட்ரீட். வாடிக்கையாளர்கள் எல்லாம் கூப்பிடு தூரத்தில்.

கல்யாணம் ஆகாததில் ஒரு வசதியும் இருந்தது. அன்றைய ஆங்கிலேயப் பொதுச் சட்டப்படி திருமணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுடையது. பொதுவாக அவள் தன் பெயரில் ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடர முடியாது. கன்னிப் பெண்ணுக்கும் விதவைக்கும் அந்தத் தடை இல்லை. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் மூலை வீட்டில் இருந்த இருவரில் ஒருவர் கன்னி, மற்றவர் விதவை. வந்த பணத்துக்கு அவர்களே சொந்தக்காரர்கள்.

வியாபாரம் நடந்த விதம் இது. மேலே, லண்டன் நகரத்துக் கடைத்தெருவில், மெர்சர் எனப்படும் பட்டு வியாபாரி. கோமகள்களும் செல்வச் சீமாட்டிகளும் வந்து துணி பார்ப்பது அவர் கடையில். கீழே, ஸ்பிடல்ஃபீல்ட்ஸில், தறிகளை இயக்கும் முதலாளி நெசவாளர். அவருக்குக் கீழே கூலி நெசவாளர்கள். டிசைன் போடுபவர் இந்த வரிசையில் எங்கும் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் வரிசை நகராது. ஏனென்றால் பூப்போட்ட பட்டில் ஒரு டிசைனுக்கு மிகச் சில உடுப்புகளுக்கான துணியே நெய்வார்கள். தன் கவுனில் இருக்கும் பூ பக்கத்து நாற்காலிச் சீமாட்டியின் கவுனிலும் இருந்தால் எந்தச் சீமாட்டிக்குப் பொறுக்கும்? எனவே ஆண்டுதோறும் புதுப் பூ வேண்டும். கார்த்வெய்ட் ஆண்டுக்கு 80 டிசைன்கள் வரைகூட விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால், நான்கு நாளைக்கு ஒரு டிசைன்.

அழகாக வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆங்கிலேயப் பட்டின் அகலம் அரை கெஜத்துக்குச் சற்றுக் கூட. அதற்குள் டிசைன் அடங்க வேண்டும். மேலும் கீழும் திரும்பத் திரும்ப வரும்போது பொருத்து தெரியக் கூடாது. ஜக்கார்டு தறி வருவதற்கு முந்தைய காலம். தறிக்கு மேலே கட்டிய கயிறுகளை ஒரு பையன் வரிசைப்படி இழுப்பான். இழுத்த பாவு நூல்கள் உயர, நெசவாளர் ஊடை செலுத்துவார். சித்திரத்தைக் கட்டம் போட்ட காகிதத்துக்கு மாற்றி, அதைப் பார்த்துக் கயிறுகளைக் கட்டி முடிக்கவே பல வாரங்கள் ஆகும். அந்த நாட்களில் தறியிலிருந்து ஓர் அங்குலத் துணி வராது. இவ்வளவும் செய்த பிறகு டிசைன் எடுபடாவிட்டால் நஷ்டம் நெசவாளருக்கு. ஆகவே அவர் டிசைன் வாங்கும்போது கூடவே வாங்கியது நம்பிக்கையை. தறியில் உட்காராத, நெசவாளர் சங்கத்தில் இடமில்லாத, பாதிரியார் வீட்டுப் பெண்ணை அவர்கள் நம்பினார்கள். பீட்டர் லெக்யூ, டேனியல் வாட்டியர், சைமன் ஜூலின்ஸ் என்று ஸ்பிடல்ஃபீல்ட்ஸின் முன்னணி நெசவாளர்கள் பெயர்கள் அவருடைய காகிதங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

சந்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரம்ப டிசைன்களில் லேஸ் போன்ற பின்னல் வேலை. அன்றைய மோஸ்தர் அது. 1730களில் பிரான்ஸின் லியோன் நகர நெசவாளர்கள் ஒரு யுக்தி கொண்டு வந்தார்கள். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இழைகளைப் பல்சக்கரம் போலக் கோத்து, பூவுக்கு நிழலும் திரட்சியும் தருவது. கார்த்வெய்ட் தாமதிக்காமல் அதைக் கற்றுத் தன் டிசைன்களில் புகுத்தினார். 1740களில் பாதை மாறியது. லியோன் பாணியின் கனத்த பழங்களும் பெரும் பூக்களும் போய், வெண்மையான பட்டில் தாராளமாக இடம்விட்டு, தோட்டத்தில் பறித்து வந்து போட்டது போன்ற பூங்கொத்துகள் வந்தன. இன்ன செடி என்று பெயர் சொல்லக்கூடிய பூக்கள். இதுவே ஆங்கிலேயப் பட்டின் அடையாளமாகியது. 1751ல் மலாக்கி போஸ்ட்லெத்வெய்ட் வெளியிட்ட வணிக அகராதி, ஓவியக் கலையின் விதிகளைத் தறிக்குக் கொண்டு வந்த மூவரில் ஒருவராகக் கார்த்வெய்ட்டைக் குறிப்பிட்டது. வியாபாரிகள் புரட்டும் புத்தகத்தில் ஒரு பெண்ணின் பெயர் அப்படி வருவது சாதாரண விஷயமில்லை.

ஆனால் கார்த்வெய்ட் கடை விரித்த சந்தையைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. அந்த வேலி எழுந்தது இந்தியாவைப் பார்த்து.

17ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் லண்டன் சென்ற சரக்குகளில் பரபரப்பாக விற்றவற்றுள் ஒன்று பூப்போட்ட பருத்தித் துணி. தமிழில் சீட்டித் துணி. குறிப்பாக, மசூலிப்பட்டணம் தொடங்கித் தெற்கே நீளும் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்தது. சாயவேரில் சிவப்பு, அவுரியில் நீலம், நிறம் ஏறக் கூடாத இடத்தில் மெழுகு. துவைத்தாலும் சாயம் போகாது. ஐரோப்பாவில் அப்போது யாருக்கும் கைவராத ரகசியம் இது. வாங்குபவர் ருசிக்கு ஏற்ப மாற்றச் சொல்லவும் கம்பெனி தயங்கவில்லை. சிவப்புப் பின்னணி வேண்டாம், வெள்ளைப் பின்னணியில் வண்ணப் பூங்கொடிகள் வேண்டும் என்று 1643லேயே லண்டன் இயக்குநர்கள் சூரத்துக்கு எழுதியிருக்கிறார்கள். பிறகு லண்டனிலிருந்து மாதிரிகளே கப்பலேறின.

விளைவு, சீமாட்டி முதல் வேலைக்காரி வரை சீட்டி உடுத்த ஆரம்பித்தார்கள். கம்பளி, பட்டு நெசவாளர்கள் வயிற்றில் அடி விழுந்ததாகக் கொதித்தார்கள். 1700ல் ஒரு சட்டம் வந்தது: ஆசியாவின் பட்டுத் துணிகளும் சாயமிட்ட, அச்சிட்ட பருத்தித் துணிகளும் இங்கிலாந்தில் பயன்படுத்தத் தடை. ஆனால் வெள்ளைத் துணியை இறக்கி லண்டனிலேயே அச்சடித்து விற்றார்கள். 1719ல் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கினார்கள். சீட்டி உடுத்திச் சென்ற பெண்களை மறித்து ஆடையைக் கிழித்தார்கள். மையையும் அமிலத்தையும் வீசினார்கள். 1721ல் பாராளுமன்றம் அடுத்த சட்டத்தை நிறைவேற்றியது. 1722 கிறிஸ்துமஸ் முதல், ஒரு சில வகைகள் தவிர, அச்சிட்ட, வண்ணமிட்ட பருத்தியை உடுத்தினாலே அபராதம் 5 பவுண்டு. விற்றால் 20 பவுண்டு. இந்தத் தடை நீங்க 1774 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் லங்காஷயர் தன் சொந்தப் பருத்தியோடு தயாராகிவிட்டது.

கார்த்வெய்ட் லண்டன் வந்தது தடைச் சட்டம் அமலுக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குள். அவர் தொழில் செய்த காலம் முழுவதும் அந்தத் தடைக்குள் அடங்கிவிடுகிறது. சட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. 1719ல் தெருவில் கலகம் செய்தவர்களின் கூட்டத்திலும் அவர் இல்லை. ஆனால் பூப்போட்ட ஆடை வேண்டும் என்று பழகிவிட்ட கண்களுக்கு, சீட்டியை மறைத்துவிட்ட கடைத்தெருவில், பட்டில் பூ வரைந்து கொடுத்தவர்களில் அவர் முதல் வரிசை. 1740களில் அவர் வரைந்த வெண்பட்டுக் கொடிகளைப் பார்க்கும் இந்தியக் கண்ணுக்குச் சோழமண்டலச் சீட்டி நினைவு வந்தால் ஆச்சரியமில்லை. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் தறிகளுக்கு வந்த கச்சாப் பட்டிலும் ஒரு பகுதி வங்காளத்திலிருந்து கம்பெனி கொண்டு வந்தது. நூல் வரலாம், நெய்த துணி வரக் கூடாது என்பது ஏற்பாடு.

நெய்த பட்டு எங்கே போயிற்று என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 1743ல் கார்த்வெய்ட் ஒரு டாமஸ்க் பட்டுக்கு டிசைன் வரைந்து சைமன் ஜூலின்ஸுக்கு விற்றார். ஜூலின்ஸ் நெய்த அந்தப் பட்டு அட்லாண்டிக்கைத் தாண்டி பிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தது. அங்கே வியாபாரி சார்ல்ஸ் வில்லிங்கின் மனைவி ஆன் ஷிப்பன் வில்லிங் அதில் கவுன் தைத்துக்கொண்டார். 1746ல் ராபர்ட் ஃபீக் என்ற ஓவியர் அந்தக் கவுனோடு அவரைத் தீட்டினார். அமெரிக்காவில் வின்டர்தூர் மியூசியத்தில் அந்தப் படம் இருக்கிறது. கவுனின் பூவை லண்டனில் உள்ள டிசைனோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், 1747ல் கார்த்வெய்ட் வரைந்து லெக்யூ நெய்த பட்டில் தைத்த ஆண்கள் வெய்ஸ்ட்கோட் ஒன்றும் உண்டு.

காகிதத்தில் தேதியும் பெயரும் இருந்ததால்தான் இந்த இணைப்புகள் சாத்தியம். மியூசியத்தின் ஜவுளிப் பிரிவில் பணியாற்றிய நாட்டலி ராத்ஸ்டீன் பல ஆண்டுகள் இவற்றை ஆராய்ந்து 1990ல் புத்தகமாக வெளியிட்டார். எந்த நாட்டு மியூசியத்திலும் 18ஆம் நூற்றாண்டுப் பட்டுக்குத் தேதி குறிக்க வேண்டுமானால் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுவது இந்த டிசைன்களைத்தான். 1998ல் அந்த மூலை வீட்டின் சுவரில் நீல நிற நினைவுத் தகடு பதிக்கப்பட்டது. 2016ல் அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸாரா அனிஷான்ஸ்லின், வரைந்தவர், நெய்தவர், உடுத்தியவர், தீட்டியவர் ஆகிய நால்வரையும் அந்த ஒரே பிலடெல்ஃபியா படத்திலிருந்து தேடிச் சென்று ஒரு நூல் எழுதினார்.

கார்த்வெய்ட் 1763 அக்டோபரில் இறந்தார். அவர் டிசைன்கள் 1756 வரைக்குமானவை. அறுபத்தெட்டு வயது வரை தூரிகையைக் கீழே வைக்கவில்லை என்று பொருள். இறந்த இரண்டே ஆண்டுகளில் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் கொந்தளித்தது. பிரெஞ்சுப் பட்டுக்கும் தடை வேண்டும் என்று 1765ல் நெசவாளர்கள் பாராளுமன்றத்தை முற்றுகையிட்டார்கள். 1766ல் தடை கிடைத்தது. கூலியை நிர்ணயிக்க 1773ல் சட்டம் வந்தது. 1824ல் கூலிச் சட்டம் ரத்தாகியது, 1826ல் பிரெஞ்சுப் பட்டுக்கு இருந்த தடையும் நீங்கியது. வேலிகள் விழுந்ததும் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் தறிகள் தாக்குப்பிடிக்கவில்லை.

அவர் வீட்டிலிருந்து சற்று நடந்தால் பிரிக் லேன். அங்கே 1743ல், கார்த்வெய்ட் ஜூலின்ஸுக்கு அந்த டாமஸ்க் டிசைனை விற்ற அதே ஆண்டில், ஹ்யூகெனாட்டுகள் ஒரு தேவாலயம் கட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது யூதர்களின் ஜெபாலயம் ஆனது. 1976ல் மசூதி ஆனது. தொழுகைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்துக் குடும்பங்கள். வங்காளத்து நூல் போய்ச் சேர்ந்த தெருக்களுக்கு, இரண்டு நூற்றாண்டு கழித்து வங்காளத்து மனிதர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

1742ல் சோழமண்டலக் கரையிலிருந்து கூர்து என்ற பிரெஞ்சு யேசு சபைப் பாதிரியார் தாய்நாட்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சீட்டித் துணிக்கு எப்படிச் சாயமேற்றுகிறார்கள் என்று படிப்படியாக அதில் விவரம் இருந்தது. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள், மதம் மாறிய உள்ளூர்ச் சாயக் கலைஞர்கள். ஐரோப்பிய அச்சாலைகளுக்கு அந்தக் கடிதம் பயன்பட்டது. இன்று அதனால் நினைவில் நிற்பது பாதிரியாரின் பெயர். கம்பெனியின் கணக்குகளிலும் எத்தனை கட்டு, என்ன விலை, எந்தக் கப்பல் என்பதெல்லாம் உண்டு. கலம் பிடித்து அந்தப் பூக்களை வரைந்தவர்களுக்கு அங்கே வரி ஒதுக்கவில்லை. அவர்கள் வரைந்த சீட்டிகளும் கார்த்வெய்ட்டின் காகிதங்கள் இருக்கும் அதே லண்டன் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றின் கீழே உள்ள சீட்டில் ஊர், கரை, நூற்றாண்டு எழுதியிருக்கும்.

கார்த்வெய்ட் புகழை நினைத்து அந்தக் குறிப்புகளை எழுதியிருக்க மாட்டார். யாருக்கு எதை விற்றோம் என்று தெரியாவிட்டால் அதே பூவை இன்னொருவருக்கு விற்றுக் கெட்ட பெயர் எடுக்க நேரும். அந்தக் கவலைதான் அவரைத் தேதி போட வைத்திருக்கும். தன் பெயரில் கணக்கு வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது, எழுத்து தெரிந்திருந்தது, கணக்கைப் பார்த்துக் கேள்வி கேட்கும் முதலாளி தலைக்கு மேல் இல்லை. சோழமண்டலக் கரையில் கலம் பிடித்தவர்களின் கணக்கை எழுதியது கம்பெனி.